அடைமொழி இல்லாத அரங்கம்

ஒரு பல்கலைக்கழக இசைத்துறையைப் பற்றி யாராவது எழுதினால் வழக்கமாக இரண்டு விஷயங்கள் வரும். எப்போது தொடங்கினார்கள், என்னென்ன வசதிகள் இருக்கின்றன. முதலாவதை வரலாறு என்கிறோம். இரண்டாவது சேர்க்கைக் கையேட்டில் வரும் சமாச்சாரம்: இத்தனை அறை, இத்தனை பியானோ, இத்தனை இருக்கை. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. எனக்கென்னவோ அந்தச் சம்பந்தத்தில்தான் மொத்தக் கதையும் இருப்பதாகத் தோன்றுகிறது. எந்த அளவில் அறை கட்டினார்கள், அதில் யாரை உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தவருக்கு என்ன பதவிப் பெயர் கொடுத்தார்கள். ஒரு இசைப்பள்ளி இசையைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது பாடத்திட்டத்தைவிட இந்த மூன்றில்தான் தெளிவாகத் தெரியும்.

இதைப் பேச நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற சிறிய ஊரில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகம். ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? காரணம் இருக்கிறது. வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் அங்கே கற்பித்திருக்கிறார்கள். நடனமும் பாட்டுமாக பாலசரஸ்வதி, மிருதங்கத்தில் ரங்கநாதன், புல்லாங்குழலில் விஸ்வநாதன். மூவரும் ஜெயம்மாளின் பிள்ளைகள். நம் ஊரில் இந்தக் கதை பெருமைக் கதையாகவே சொல்லப்படுகிறது. "நம்ம சங்கீதம் அமெரிக்கா வரைக்கும் போச்சு பாருங்க" என்ற தொனியில். பெருமைப்பட விஷயம் இருக்கிறதுதான். ஆனால் அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் மிடில்டவுனைப் பற்றியும் தெரியாது, சென்னையைப் பற்றியும் தெரியாது.

*

முதலில் பணம். வசதி என்று பேசும்போது பணத்தைப் பேசாமல் இருப்பது ஒரு நாசூக்கு. அது வேண்டாம்.

வெஸ்லியன் 1831ல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் தொடங்கிய சின்னக் கல்லூரி. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது ஒரு பதிப்பு நிறுவனத்தை வாங்கியது. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் வகுப்பில் படிக்கும் வாராந்திரச் செய்தித்தாளை அச்சிட்ட நிறுவனம் அது. 1965ல் அதை செராக்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். விலையை செராக்ஸ் பங்குகளாக வாங்கிக்கொண்டார்கள். நகல் எடுக்கும் எந்திரம் உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. பங்கு ஏறியது. மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், நாட்டிலேயே மிகப் பணக்காரக் கல்லூரிகளில் ஒன்றாக அது ஆனது.

பணம் கையில் இருக்கும் நிறுவனம் இரண்டில் ஒன்றைச் செய்யும். எல்லோரும் கட்டுவதையே பெரிதாகக் கட்டும். இல்லையென்றால் யாரும் செய்யாததைச் செய்து பார்க்கும். வெஸ்லியன் ஓரளவு இரண்டையும் செய்தது. அதற்கு முன்பே அங்கே சோதனைக்கு இடம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஜான் கேஜ் 1960-61ல் அங்கே ஆய்வாளராகத் தங்கியிருந்தார். அவருடைய 'சைலன்ஸ்' நூலை 1961ல் வெளியிட்டது வெஸ்லியன் பல்கலைக்கழக அச்சகம்தான். டேவிட் மக்கலஸ்டர் என்பவர் 1940களின் இறுதியிலிருந்து அங்கே இருந்தார். நவஹோ பூர்வகுடிகளின் சடங்குப் பாட்டை ஆராய்ந்தவர். 1955ல் இனவரைவியல் இசையாய்வுக்கான அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இவர்களோடு 1960களின் தொடக்கத்தில் சேர்ந்தவர் ராபர்ட் பிரவுன். 'வேர்ல்ட் மியூசிக்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். பிற்பாடு இசைத்தட்டுக் கடைகளில் தட்டுக்கு மேலே ஒட்டிய விற்பனைச் சீட்டு ஆகிவிட்ட அந்தச் சொல், பிறந்தபோது ஒரு துறைக்கான பெயர். பிரவுன் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே மிருதங்கம் பற்றியது. அப்போது அமெரிக்க இசையாய்வில் ஒரு புதுக் கருத்து எழுந்திருந்தது: ஒரு இசையை ஆராய வேண்டுமென்றால் அதை வாசிக்கக் கற்றுக்கொள், இரண்டு மொழி தெரிந்தவனைப் போல இரண்டு இசை தெரிந்தவனாக ஆகு. நமக்கு இது சாதாரண விஷயம். வாய்ப்பாட்டே தெரியாமல் ராகத்தைப் பற்றி ஒருவர் பேசினால் நம் வீட்டுப் பாட்டிகளே சிரிப்பார்கள். அங்கே அன்றைக்கு அது சண்டை போட்டு நிறுவவேண்டிய வாதமாக இருந்தது.

வாசிக்கக் கற்றுக்கொள் என்றால் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். 1963ல் ரங்கநாதன் வந்தார்.

*

இங்கே கொஞ்சம் சென்னைக்குத் திரும்பவேண்டும்.

தனம்மாளின் வீடு ஜார்ஜ் டவுனில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே அவர் வாசிப்பதைக் கேட்க வித்வான்களே போய் உட்காருவார்கள். மைக் கிடையாது. அவருடைய வாசிப்பு ரொம்ப மெல்லியது. ஒரு அறைக்குள், மூச்சை அடக்கிக் கேட்பவர்களுக்காக உருவான வாசிப்பு அது. க்ஷேத்ரக்ஞர் பதங்களும் ஜாவளிகளும் அந்த வீட்டின் சொத்து. மெதுவாக, ஒரு பிடியை விட்டு இன்னொன்றுக்கு நகர அவசரமே படாமல் போகும் இசை. ஆயிரம் பேர் உட்காரும் சபாவில் அதைக் கேட்பது, தூரத்திலிருந்து கோலத்தைப் பார்ப்பது மாதிரி. கோலம் என்று தெரியும், புள்ளி தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமைகள் நடந்த அதே காலத்தில்தான் சென்னையில் சங்கீதம் நிறுவனமாக ஆகிக்கொண்டிருந்தது. 1927ல் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து ஒரு இசை மாநாடு. 1928ல் மியூசிக் அகாடமி. 1930களில் பல்கலைக்கழக இசைத்துறைகள், சாம்பமூர்த்தியின் பாடநூல்கள், தேர்வு, சான்றிதழ். 1949ல் அரசின் கர்நாடக இசைக் கல்லூரி. பரம்பரைக் குடும்பங்களிடமும் குருகுலங்களிலும் இருந்த ஒரு அறிவு, பெஞ்சும் கரும்பலகையும் உள்ள வகுப்பறைக்கு வந்தது. இதில் நல்லது நிறைய உண்டு. வீட்டில் யாருமே பாடாத ஒரு பெண் பிள்ளை, கட்டணம் கட்டி, சாதி சொல்லாமல், பாட்டுக் கற்கலாம் என்று ஆனது சின்ன விஷயம் கிடையாது.

ஆனால் பாட்டு வகுப்பறைக்கு வந்த அளவுக்குப் பாட்டின் சொந்தக்காரர்கள் அங்கே வரவில்லை. இசை வேளாளர் குடும்பங்களிலிருந்து சிலர் ஆசிரியர்களாக வந்தார்கள். என்ன கற்பிப்பது, எது செவ்வியல், எது ஆபாசம், எந்தப் பாட்டை நீக்குவது என்று தீர்மானித்த மேசையில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. ஆண்களுக்காவது நாகஸ்வரமோ மிருதங்கமோ கையில் இருந்தது. பெண்களின் நிலை இன்னும் மோசம். 1947ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒரு கொடுமையை ஒழிக்க வந்த சட்டம் அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சுற்றி நடந்த பேச்சில், அந்தப் பெண்கள் தெரிந்துவைத்திருந்த கலையும் களங்கத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டது. பாலசரஸ்வதி சலங்கை கட்டியதே இந்தச் சூழலில்தான். மியூசிக் அகாடமி அவருக்கு 1953ல் நடனப்பள்ளி நடத்த இடம் தந்தது, 1973ல் சங்கீத கலாநிதியும் தந்தது. முழுக்கப் புறக்கணித்தார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனாலும் நகரத்தில் வீதிக்கு வீதி பரதநாட்டியப் பள்ளிகள் முளைத்த அந்த இருபது வருஷங்களில், அவரிடம் கற்றுக்கொள்ளப் பெரிய வரிசை ஒன்றும் நிற்கவில்லை.

விஸ்வநாதனைப் பாருங்கள். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் கற்றவர். 1958ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ் போய் இசையாய்வு படித்தார். திரும்பிவந்து 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைவராக இருந்தார். பிறகு மறுபடியும் அமெரிக்கா. 1975ல் வெஸ்லியனில் முனைவர் பட்டம், அங்கேயே ஆசிரியப் பணி, 2002ல் இறக்கும்வரை. ஒரு மனிதர் வேலைக்காக ஊர் மாறினார் என்று இதைச் சாதாரணமாகவும் படிக்கலாம். தனம்மாள் வீட்டுப் பாடாந்தரத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவரக்கூடிய தகுதி, பட்டம், அனுபவம் எல்லாம் சேர்ந்த ஒருவர் நம்மிடம் நான்கு வருஷம் இருந்தார், அங்கே கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார் என்றும் படிக்கலாம்.

*

இப்போது கட்டடங்கள்.

1973ல் வெஸ்லியனின் கலை மையம் திறக்கப்பட்டது. கெவின் ரோச், ஜான் டிங்க்கலூ என்ற இரு கட்டடக் கலைஞர்களின் நிறுவனம் வடிவமைத்தது. ஒரே பெரிய மாளிகையாகக் கட்டாமல் சுண்ணாம்புக்கல்லில் பதினோரு கட்டடங்களாகப் பிரித்து, மரங்களுக்கு நடுவே வைத்தார்கள். எல்லாம் வெளிர் நிறத்தில், சதுரம் சதுரமாக, அலங்காரம் இல்லாமல் நிற்கும். இசைக்கு இதில் இரண்டு முக்கியமான இடங்கள். ஒன்று, 414 இருக்கைகள் கொண்ட குரோவெல் கச்சேரி அரங்கம். இன்னொன்றின் பெயர் உலக இசைக் கூடம். முன்மேடை வளைவும் திரையும் இல்லாத கூடம் இது. ஜாவாவின் கமெலான் வாத்தியத் தொகுதி இங்கேதான் வீற்றிருக்கிறது. வெண்கலக் கோங்குகளும் தட்டு வாத்தியங்களும் சேர்ந்த அந்தத் தொகுதிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் வாசிக்கவேண்டும். சுமர்சம் என்ற ஜாவா இசைக்கலைஞர் 1972ல் அங்கே அதைக் கற்பிக்கத் தொடங்கினார்.

இசைக்கு ஏற்ற மாதிரி அறை என்ற யோசனை முக்கியமானது. மேற்கத்திய இசைப்பள்ளிகளில் வேறு ஊர் இசை வந்தால் அதே உயர்ந்த மேடையில், அதே நாற்காலி வரிசைகளுக்கு முன்னால் ஏற்றிவைப்பார்கள். வாசிப்பவர் தரையில் உட்காருவார், கேட்பவர் இருட்டில் இருப்பார். யாருடைய முகத்தையும் பார்த்து வாசிக்க முடியாது, தாளம் போடும் கையையும் பார்க்க முடியாது. நம் சபாக்களிலும் இதே கதைதான், நாம் பழகிவிட்டோம், அவ்வளவுதான். மிடில்டவுனில் அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள், சில இசைகள் அறையின் இசைகள் என்பதைப் புரிந்துகொண்டார்கள். ஜார்ஜ் டவுன் வீட்டின் அளவு அவர்கள் மனதில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த அளவுக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

பாராட்டு இதோடு முடிந்தது. பெயர்களை மறுபடி பாருங்கள். ஒன்று கச்சேரி அரங்கம். இன்னொன்று உலக இசைக் கூடம். முதலாவதுக்கு அடைமொழி இல்லை. பாக்கும் பீத்தோவனும் 'உலக'த்துக்குள் வரமாட்டார்கள் போலிருக்கிறது, அவர்கள் இசை வெறும் இசை. ஜாவா, கானா, சென்னை, நவஹோ எல்லாம் சேர்ந்தால் 'உலகம்'. தனியாக ஒரு அறை கட்டிக் கொடுப்பது மரியாதையாக இருக்கலாம். வீட்டில் விருந்தாளிக்குத் தனி அறை கொடுப்பதும் மரியாதைதான். ஆனால் விருந்தாளி சமையலறைக்குள் வரமாட்டார் என்பதும் அந்த மரியாதைக்குள் அடக்கம்.

பதவிப் பெயர்களிலும் இந்தப் பிரிவினை உண்டு. ரங்கநாதனுக்குக் கொடுத்த பெயர் 'தங்கிப் பணியாற்றும் கலைஞர்'. அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் ஆள் அவர். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, ஆர்னெட் கோல்மனோடு வாசித்த ஜாஸ் டிரம் கலைஞர் எட் பிளாக்வெல்லும் பிற்பாடு அதே வகைப் பெயரில்தான் அங்கே கற்பித்தார், 1992ல் இறக்கும்வரை. யோசித்துப் பாருங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் கற்ற மிருதங்கக்காரரும், நியூ ஆர்லியன்ஸ் தெருத் தாளத்தில் வளர்ந்த டிரம்காரரும், கானாவின் ஆபிரகாம் அட்ஸென்யாவும் ஒரே துறையில், ஒரே காலத்தில் கற்பித்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு தாழ்வாரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அதே சமயம் மூவரின் இசையைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர் பேராசிரியர், வாசிக்கிறவர் கலைஞர். தெரிந்தவர் ஒரு பக்கம், தெரிந்ததைப் பற்றித் தெரிந்தவர் இன்னொரு பக்கம். சென்னையில் சாதியால் விழுந்த கோடு இங்கே பட்டத்தால் விழுகிறது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. முதலாவதைத் தாண்ட முடியாது. இரண்டாவதைத் தாண்டலாம், விஸ்வநாதன் தாண்டினார். ஆனால் குழல் வாசிக்கத் தெரிந்ததற்காக அவர் தாண்டவில்லை, முனைவர் பட்டம் வாங்கித் தாண்டினார்.

*

அறை என்ற விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே துறையில் 1970 முதல் 2011 வரை கற்பித்தவர் ஆல்வின் லூசியர். அவருடைய மிகப் பிரபலமான படைப்பு ஒரு அறையைப் பற்றியது. ஒருவர் அறையில் உட்கார்ந்து சில வாக்கியங்கள் பேசுகிறார். அதைப் பதிவுசெய்து, அதே அறையில் ஒலிக்கவிட்டு, ஒலிப்பதை மறுபடி பதிவுசெய்கிறார்கள். திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் அறைக்கு இயல்பாகப் பிடித்த சுருதிகள் மட்டும் வலுக்கும், மற்றவை தேயும். கடைசியில் பேச்சு கரைந்துபோய் அறையின் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். 1969ல் செய்ததை 1970ல் மிடில்டவுனில் தான் குடியிருந்த வீட்டிலேயே அவர் மறுபடி பதிவுசெய்தார்.

இந்தத் துறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. தனம்மாள் வீட்டு இசையை ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அறையில் அறுபது வருஷம், தலைமுறை தலைமுறையாக ஒலிக்கவிட்டால் கடைசியில் என்ன மிஞ்சும்? பாட்டா, அறையா?

அறைக்குப் பிடித்த சுருதிகள் எவை என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பருவம் என்பது சுமார் 14 வாரம். மதிப்பெண் உண்டு. வந்து உட்காரும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு பருவத்தோடு போய்விடுவார்கள். அந்த அளவுக்குள் அடங்குவது எது? தாளம் அடங்கும். ரங்கநாதன் இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஆசிரியர். கையில் தாளம் போட்டு, வாயால் சொல்கட்டுச் சொல்லவைத்துத் தொடங்கினார். இதற்கு வாத்தியம் வேண்டாம், சங்கீதப் பின்னணி வேண்டாம், கையும் வாயும் போதும். ஒரு பணக்காரப் பல்கலைக்கழகத்தின் அத்தனை வசதிகளிலும் மிக நன்றாக வேலை செய்தது காசே ஆகாத இந்த ஒன்றுதான். அவருடைய மாணவர் டேவிட் நெல்சன் அந்தப் பாடமுறையின் வழியில் ஒரு சொல்கட்டுக் கையேடே எழுதினார். மேற்கத்திய இசையமைப்பாளர்களும் ஜாஸ் வாசிப்பவர்களும் சொல்கட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதம் அப்படி அடங்காது. 14 வாரத்தில் ஒரு பதத்தின் வரிவடிவத்தை வேண்டுமானால் கற்கலாம். அது மெதுவாக நடக்கும் நடையைக் கற்க முடியாது. அதற்கு மொழி வேண்டும். அந்த நாயகி யாரிடம் என்ன சொல்கிறாள், ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது ஒட்டவேண்டும். விஸ்வநாதன் கச்சேரியில் குழலைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியைப் பாடிக் காட்டுவார், பிறகு குழலை எடுப்பார். சாகித்தியம் தெரியாமல் குழலில் என்ன வாசிப்பது என்ற பிடிவாதம். அறை கரைத்துவிடக்கூடிய பகுதி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது போல.

இந்த இடத்தில் ஜான் ஹிக்கின்ஸ் வருகிறார். நாம் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று செல்லமாகச் சொல்லும் அதே ஆள். வெஸ்லியன் மாணவர். 1964ல் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றார், பாலசரஸ்வதியிடமிருந்தும் பதங்களை உள்வாங்கினார். அவருடைய முனைவர் ஆய்வு பரதநாட்டியத்தின் இசை பற்றியது. 1971ல் டொரோண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரனோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978ல் வெஸ்லியனுக்கே திரும்பி, அந்தப் பதினோரு கட்டடக் கலை மையத்துக்கு இயக்குநரானார். 1984 டிசம்பரில், குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி இறந்தார். வயது 45. அதே வருஷம் பிப்ரவரியில்தான் பாலசரஸ்வதி இறந்திருந்தார். ரங்கநாதன் 1987ல்.

ஹிக்கின்ஸை நாம் ரசித்ததில் பாதி அதிசயம்: வெள்ளைக்காரர் எப்படித் தமிழ், தெலுங்கு உச்சரிக்கிறார் பார்! அதிசயத்தை ஒதுக்கிவைத்து அவர் பதங்களை இன்று கேட்டால் வேறொன்று தெரியும். அவர் அவசரப்படுவதில்லை. சபா கைதட்டலுக்காகக் கற்பனைஸ்வரத்தில் குதிப்பதில்லை. அந்த வீட்டு நடை அவருக்குள் இறங்கியிருக்கிறது. பருவம், மதிப்பெண் என்ற கணக்குக்கு வெளியே, வருஷக்கணக்கில், கடல் தாண்டி வந்து உட்கார்ந்ததால் கிடைத்த நடை அது. ஆக, அந்தப் பள்ளியின் மிகச் சிறந்த மாணவர் அந்தப் பள்ளியின் அறைக்குள் மட்டும் உருவானவர் கிடையாது. இது அந்தத் துறைக்குக் குறை என்று நான் நினைக்கவில்லை. மாணவனை வெளியே அனுப்பும் அளவுக்கு ஒரு ஆசையை அந்த அறை உண்டாக்கியதே, அதைவிடப் பெரிய வசதி என்ன?

*

வெஸ்லியனில் 1970களிலிருந்து நவராத்திரி விழா நடக்கிறது. கச்சேரிகள் பெரும்பாலும் குரோவெல் அரங்கத்தில். சரஸ்வதி பூஜை உலக இசைக் கூடத்தில். வருபவர்கள் தங்கள் வாத்தியத்தையும் புத்தகத்தையும் கொண்டுவந்து வைக்கலாம். கச்சேரியாவது அடைமொழி இல்லாத அரங்கத்துக்குள் போய்விட்டது என்று சந்தோஷப்படலாம். பூஜை மட்டும் ஏன் 'உலக' அறையிலேயே இருக்கிறது என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டும் தோன்றுகிறது.

நம் பக்கம் திரும்பினால், பல்கலைக்கழக இசைத்துறைகளைப் பற்றிய நம் விவாதம் பெரும்பாலும் இல்லாமையைப் பற்றியது: நல்ல வீணை இல்லை, ஒலிப்பதிவுக் கூடம் இல்லை, நிரந்தர ஆசிரியர் இல்லை. நியாயமான புகார்கள். ஆனால் வசதி வந்தால் எதைக் கட்டுவோம்? என் பயம், இன்னொரு ஏசி அரங்கத்தைக் கட்டுவோம் என்பதுதான். நாகஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாட வீதியில் நடந்துகொண்டே வாசிக்க உருவான வாத்தியம், பக்கத்து அறையில் பத்து பேர் சரளிவரிசை பாடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில், கதவை மூடிக்கொண்டு கற்பிக்கப்படுகிறது. சத்தம் அதிகம் என்று குறைத்து ஊதச் சொல்கிறோம். குறைத்து ஊதிப் பழகிய பிள்ளை ஒருநாள் கோயில் பிராகாரத்தில் நிற்கும்போது அதன் முழு மூச்சு வருமா? அந்தப் பிள்ளைக்குத் தேவையான வசதி ஒரு திறந்த வெளியும், அங்கே கூடவே நடந்துவரும் ஒரு வாத்தியாரும். அந்த வாத்தியாருக்கு என்ன பதவிப் பெயர் கொடுப்போம் என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுவது நல்லது.